பிள்ளைகள் கேட்டு எழுதினால்

பொங்கலுக்கு உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு பிள்ளையிடம் வாயால் கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் பத்துச் சொல்லும். அதையே உங்க மாமாவுக்கு லெட்டரா எழுது என்றால் பேனாவைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கும். கேட்கத் தெரியாததால் அல்ல. எழுத்தில் கேட்பது என்றால் வேறு யாரோ மாதிரி பேச வேண்டும் என்று அதற்கு நாம் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறோம்.

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ட்யூஷன் நடக்கும். அக்கம்பக்கத் தெருப் பிள்ளைகள்தான், நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் பாடம் கிடையாது. பகலில் கோயில் வாசல், மியூசியம் என்று சுற்றிவிட்டு சாயங்காலம் எப்படியும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். அந்த நாட்களில் கடிதம் எழுதுகிறோம். உயிரோடு இருக்கிற ஒருவருக்கு எழுத வேண்டும், நிஜமாகவே வேண்டியதைக் கேட்க வேண்டும், எழுதியதைத் தபாலில் போட வேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் தடவை எழுதிக் கொடுத்ததெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோலவே இருந்தன. வலது மேல்மூலையில் இடம், நாள். ‘அன்புள்ள மாமாவுக்கு, நலம், நலமறிய ஆவல். நான் நன்றாகப் படிக்கிறேன். எனக்குப் பொங்கலுக்கு சைக்கிள் வேண்டும். இப்படிக்கு, தங்கள் அன்புள்ள.’ அதற்குக் கீழே ஒரு கட்டம், கட்டத்துக்குள் உறைமேல் முகவரி. பரீட்சைத் தாளில் அப்படித்தான் போட வேண்டும், ஆகவே இங்கேயும் கட்டம். இடம், நாள், விளி, உறைமேல் முகவரி எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய நண்பனை வாழ்த்தி மடல் எழுதச் சொல்கிறது பத்தாம் வகுப்புப் பாடம். அந்த நண்பன் யார் என்று யாருக்கும் தெரியாது. அவனுக்கு லட்சக்கணக்கான பிள்ளைகள் வாழ்த்து எழுதுகிறார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அமைப்பு தெரியாமல் போனால் பிற்பாடு மனு எழுத, விண்ணப்பம் எழுதக் கஷ்டப்படும் என்று அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கடிதங்களில் மாமா எங்கே இருக்கிறார்? மாமா என்ற இடத்தில் சித்தப்பா என்று மாற்றினாலும் ஒரு வரி குலையாது. பணிவான வார்த்தைகள் அத்தனையும் இருக்கின்றன. யாரிடம் பணிவு என்பதுதான் இல்லை.

ஐந்தாவது படிக்கிற ஒரு சிறுமி சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவுக்கு எழுதினாள். எங்கள் மாவட்டத்தில் இது சாதாரணம். தெருவுக்கு நாலு வீட்டில் அப்பா வெளிநாட்டில்தான். அவள் கடிதத்திலும் அதே நலம், அதே ஆவல். கேட்டது ஒரு கேரம் போர்டு.

‘இப்ப மணி அஞ்சரை. உங்கப்பா இந்நேரம் என்ன பண்ணிட்டிருப்பாரு?’ என்று கேட்டேன்.

‘தெரியல டீச்சர்.’

‘அங்க இப்ப மணி எத்தனை?’

விரல் விட்டு எண்ணினாள். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. ‘எட்டு. எட்டுன்னா… நைட் ஷிப்டுக்குக் கெளம்பியிருப்பாங்க டீச்சர். இந்த வாரம் நைட்டு. சோறு அவங்களே ஆக்கிக்கிறாங்க. கூட இருக்கிற மாமா ஊருக்குப் போயிட்டாரு.’

இதை எழுது என்றேன். இதெல்லாமா டீச்சர் என்று கேட்டாள். பிறகு எழுதினாள். அவளிடமும் வீட்டிலும் கேட்டுக்கொண்டு அதில் கொஞ்சம் இங்கே தருகிறேன்: ‘அப்பா, மாமா ஊருக்குப் போனதால் நீங்கள் தனியாகச் சமைக்கிறீர்கள் என்று அம்மா சொன்னது. என்ன குழம்பு வைத்தீர்கள்? பொங்கலுக்கு லீவு கிடைக்குமா? கிடைக்காவிட்டால் மாட்டுப்பொங்கல் அன்று சாயங்காலம் போன் பண்ணுங்கள். நான் போனைக் கன்னுக்குட்டி பக்கத்தில் பிடிக்கிறேன். அது பிறந்ததை நீங்கள் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கேரம் போர்டு வேண்டும். சின்னது போதும். இந்த மாதம் பணம் இல்லை என்றால் அடுத்த லீவுக்கு வாங்கலாம், நான் கோபப்பட மாட்டேன்.’

இதில் ‘தாழ்மையுடன்’ இல்லை, ‘பணிவன்புடன்’ இல்லை. ஆனாலும் இதைவிட மரியாதையாக ஒரு பிள்ளை எப்படிக் கேட்க முடியும்? கேட்கப்படுகிறவரின் நாள் எப்படிப் போகிறது என்று முதலில் விசாரித்திருக்கிறாள். முடியாது என்று சொல்லவும் அவருக்கு வழி விட்டிருக்கிறாள். அதற்காகத் தனக்கு வேண்டியதை மென்று விழுங்கவும் இல்லை. கேரம் போர்டு வேண்டும் என்பது தெளிவாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு மரியாதை சொல்லித்தருகிறேன் என்று கிளம்பும் பலர் இந்தக் கடைசி விஷயத்தில்தான் இடறுகிறார்கள். எதையும் கேட்காதே, கொடுத்ததை வாங்கிக்கொள் என்று வளர்க்கிறார்கள். அப்படி வளர்ந்த பிள்ளை பெரியவனானதும் சம்பள உயர்வு கேட்கக்கூடத் தொண்டை அடைத்து நிற்கும்.

எங்கள் ஊருக்கு வேண்டிக்கேட்பது புதிதல்ல. கோகர்ணேஸ்வரர் கோயிலில் இருக்கும் பிரகதாம்பாளை அரைக்காசு அம்மன் என்பார்கள். தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்த அம்மன் காசில் இருப்பது அவள் உருவம்தான். அந்தக் காசு ரூபாய்க்கு 320. ஏதாவது தொலைந்துவிட்டால் அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொண்டு தேடினால் கிடைக்கும் என்பது நம்பிக்கை. எங்கள் வீட்டில் சாவி தொலையும் போதெல்லாம் வெல்லம் நேர்ந்திருக்கிறோம். அம்மனிடம் கேட்கக் கூச்சப்படாத ஊர், பெற்றவரிடம் கேட்க ஏன் கூச்சப்பட வேண்டும்?

பிள்ளைகள் கேட்டு எழுதிய கடிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் திண்ணையில் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்று உண்டு. நடந்த கதை.

இரண்டாம் உலகப் போரின்போது டோக்கியோவின் உயெனோ விலங்குக்காட்சிச் சாலையில் மூன்று யானைகள் இருந்தன. குண்டுவீச்சில் கூண்டு உடைந்து மிருகங்கள் ஊருக்குள் புகுந்துவிடும் என்று சொல்லி 1943-ல் அங்கிருந்த பெரிய விலங்குகளைக் கொல்ல உத்தரவு வந்தது. யானைகளைப் பட்டினி போட்டே சாகடித்தார்கள். போர் முடிந்தபோது ஜப்பான் முழுக்கத் தேடினாலும் யானைகள் எஞ்சியிருந்தது நகோயாவில்தான், அங்கே இரண்டு. டோக்கியோ பிள்ளைகள் முதலில் அந்த ஊரைத்தான் கேட்டார்கள், ஒன்றை எங்களுக்குக் கொஞ்ச நாள் தாருங்கள் என்று. பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு யானையும் ஒன்றை விட்டு ஒன்று இருக்க முடியாமல் தவித்தன. நகோயா தர முடியாது என்று சொல்லிவிட்டது. சொன்னதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போக 1949-ல் தனி ரயில்களே விட்டார்கள். யானை ரயில் என்றுதான் அவற்றுக்குப் பெயர்.

அதற்கும் பிறகு டோக்கியோ பிள்ளைகள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. நம் பிரதமர் நேருவுக்கு எழுதினார்கள். நூற்றுக்கணக்கான கடிதங்களும் படங்களும் சேர்ந்தன. இந்திய வணிகர் ஒருவர் அவற்றை டெல்லிக்குக் கொண்டுவந்தார். போரில் தோற்ற ஒரு நாட்டின் சிறுவர்கள், முன்பின் பார்த்திராத ஒரு தலைவரிடம், அதுவும் இரண்டே வருடத்துக்கு முன் சுதந்திரம் வாங்கி ஆயிரம் தொல்லையில் இருக்கிற நாட்டிடம், ஒரு யானை தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நேரு அனுப்பினார். மைசூர்ப் பக்கத்து யானை. தன் மகளின் பெயரையே, இந்திரா என்று, அதற்கு வைத்தார். 1949 செப்டம்பரில் அது உயெனோ போய்ச் சேர்ந்தது. கூடவே ஒரு கடிதமும் போனது. இது என் பரிசு அல்ல, இந்தியப் பிள்ளைகள் ஜப்பான் பிள்ளைகளுக்குத் தரும் பரிசு என்று அதில் எழுதியிருந்தார். 1957-ல் ஜப்பான் போனபோது மகளோடு உயெனோவுக்கும் போய் அந்த யானையைப் பார்த்துவிட்டு வந்தார். இந்திரா யானை 1983 வரை அங்கே உயிரோடு இருந்தது.

இதில் யானையைவிட அந்தக் கடிதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. யானையை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தாலும் பிள்ளைகள் துள்ளியிருப்பார்கள். ஆனால் பிள்ளைகள் எழுதியதால் பிள்ளைகளுக்கே பதில் எழுதினார். நகோயா ஊர்க்காரர்களும் தங்களால் முடிந்த வழியில் ஒரு பதில் சொன்னார்கள். முடியாது, ஆனால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

பெரியவர்கள் சிறியவர்களுக்கு எழுதிய கடிதங்கள் நம்மிடம் அடுக்கடுக்காக இருக்கின்றன. மு.வ. தம்பிக்கும் தங்கைக்கும் எழுதினார். அண்ணா தம்பிக்கு எழுதினார். 1928-ல் முசூரியில் இருந்த பத்து வயது மகளுக்கு நேரு உலகம் உண்டான கதையை எழுதினார், அது மறுவருடமே புத்தகமாக வந்தது. எல்லாம் மேலிருந்து கீழே வருகிற கடிதங்கள். கீழிருந்து மேலே போன கடிதம், பிள்ளை எழுதிப் பெரியவர் வாங்கிய கடிதம், எங்கே இருக்கிறது? எந்த வீட்டுப் பெட்டியில் யார் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்? பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்பிய காலத்தில்கூட கரும்பும் மாடும் சூரியனும், இல்லாவிட்டால் எம்.ஜி.ஆரோ ரஜினியோ கமலோ, அச்சிட்டபடியே போனார்கள். பிள்ளை எழுதியது தன் பெயரை மட்டும். அந்த அட்டைகள் மீது எனக்குக் கொள்ளைப் பிரியம், அவை போனதில் வருத்தம் உண்டு. என்றாலும் அவற்றில் பிள்ளையின் பேச்சு கிடையாது.

இப்போது பதிலுக்கு வருகிறேன். எனக்கு ஆத்திரம் வரும் இடம் இதுதான்.

ஏழாவது படிக்கிற ஒரு பையன் கந்தர்வகோட்டைப் பக்கம் இருக்கும் தாய்மாமனுக்கு எழுதினான். தச்சன்குறிச்சி ஜல்லிக்கட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக அங்கேதான் நடக்கும், ஜனவரி பிறந்ததுமே அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். ‘மாமா, நான் வாடிவாசல் பக்கம் வரவே மாட்டேன். கேலரியில் நீங்கள் உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருவேன். உங்களுக்கு வேலை இருந்தால் உங்கள் கூட்டாளி யாராவது கூட்டிப்போனாலும் சரி’ என்று எழுதியிருந்தான். எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறான் பாருங்கள். மாமா எதற்குப் பயப்படுவார் என்று அவனுக்குத் தெரியும், அந்தப் பயத்துக்கு முதலிலேயே பதில் சொல்லிவிட்டான். கடிதம் போய்ச் சேர்ந்தது. மாமா அவன் அம்மாவிடம் போனில் பேசியபோது போகிற போக்கில், லெட்டர் வந்துச்சு, பாக்கலாம்னு சொல்லு என்றாராம். அவ்வளவுதான். ஜல்லிக்கட்டு நாள் வந்தது, போனது. அதுவரை தினமும் அவன் என்னிடம் கேட்டான், ‘டீச்சர், மாமா லெட்டர் போட்டிருப்பாருல்ல?’

கூட்டிப்போக முடியாததற்குக் காரணம் இருந்திருக்கும். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு கார்டில் நாலு வரி, ‘மாப்ளே, இந்த வருசம் கூட்டம் ஜாஸ்தி, எனக்குப் பயமா இருக்கு, அடுத்த வருசம் பாத்துக்குவோம்’ என்று வந்திருந்தால் அந்தப் பையன் அதைத் தெரு முழுக்கக் காட்டியிருப்பான். கேட்கும் விதத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு நேரம் இருக்கிறது. பதில் சொல்லும் விதத்தை நமக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

வெள்ளைக்காரப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதும் கடிதங்களைப் பற்றி நம்மில் பலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு. இல்லாத ஆளுக்குக் கடிதமா என்று. ஆனால் அந்த இல்லாத ஆள் பதில் போடுகிறார். கனடா அஞ்சல் துறை அவருக்கென்றே ‘ஹோ ஹோ ஹோ’ என்று படிக்கிற மாதிரி ஒரு அஞ்சல் குறியீடு வைத்திருக்கிறது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பதில் எழுதுகிறார்கள். பிரான்சில் 1962-ல் அஞ்சல் அமைச்சராக இருந்தவர் ழாக் மரெத். தபால் நிலையங்களில் குவிந்து கிடந்த பிள்ளைகளின் கடிதங்களுக்குப் பதில் அனுப்ப ஒரு பிரிவையே அவர் காலத்தில் தொடங்கினார்கள். அந்த முதல் பதில் அட்டையின் வாசகத்தை எழுதியது அவருடைய அக்கா பிரான்சுவாஸ் தோல்தோ. குழந்தைகளின் மனதைப் படித்த பெரிய மருத்துவர். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அவர் எழுதவில்லை. நீ கேட்டதை அனுப்ப முடியுமா தெரியவில்லை, முயற்சி செய்கிறேன், எனக்கு வயதாகிவிட்டது, சில சமயம் தவறிவிடும், மன்னித்துக்கொள் என்ற பொருளில் எழுதினார். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற தாத்தா! நம் வீட்டில் எத்தனை தாத்தா அப்படி எழுதுவார்?

ஒரு அப்பத்தா எழுதினார். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க மாட்டேன்.

எட்டாவது படிக்கிற ஒரு பெண் முதலில் எழுதவே மாட்டேன் என்றுவிட்டாள். ‘கேட்டா மட்டும் கெடச்சிரவா போகுது டீச்சர்’ என்றாள். அப்பா இல்லை. அம்மா ஜவுளிக்கடையில் வேலை. பொங்கல் நெருங்கினால் அம்மாவுக்கு ராத்திரி பத்தானாலும் கடை விடாது. நானும் வற்புறுத்தவில்லை. விருப்பத்தை எழுது என்று சொல்வது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் இனிக்காது. கிடைக்காது என்று தெரிந்தே எழுதுவது கொடுமை. இதை நான் பெரிதாக நினைக்கிறேன். பள்ளிகளில் இப்படிக் கடிதம் எழுதச் சொல்லுகிறவர்களும் நினைத்துப் பார்க்க வேண்டும். உனக்கு என்ன பொருள் வேண்டும் என்று கேட்கக் கூடாது. உனக்கு என்ன நடந்தால் சந்தோஷம் என்று கேட்கலாம்.

அவள் இரண்டு நாள் மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீரனூர்ப் பக்கத்தில் இருக்கும் அப்பத்தாவுக்கு எழுதினாள். ‘அப்பத்தா, அம்மாவை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு போடச் சொல்லு. நீ சொன்னால் கேட்கும். வாசலில் பெரிய கோலம் போடணும். எனக்குத் தனியாகப் போட வராது.’

எல்லோருக்கும் முன்னால் வந்த பதில் அந்த அப்பத்தாவுடையதுதான். போஸ்ட் கார்டு. எழுத்து ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது, வரி மேலும் கீழும் போயிருந்தது. ‘ஒங்கம்மாவுக்கு லீவு கெடைக்காது. கேட்டா வேலைய விட்டு நிப்பாட்டிருவாக. நான் வாரேன். கோலம் நான் போட்டுத்தாரேன், நீ கலர் குடு.’ அவர் வந்தார், ஒரு பை நிறைய பச்சரிசியும் மொச்சையுமாக.

அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. கல் உடைத்தவர். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்துக் கற்றுக்கொண்டவர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். குவாரிகளிலும் வயலிலும் வேலை முடித்துவிட்டு வந்த பெண்கள் ராத்திரியில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து அ, ஆ எழுதினார்கள். கையெழுத்துப் போடவும் கணக்குப் பார்க்கவும் மனு எழுதவும் பழகினார்கள். சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள், அதைப் பார்க்கப் பத்திரிகையாளர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். 1992-ல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவித்தார்கள். அன்று எழுதப் படித்தவர்களில் எவ்வளவோ பேருக்கு அதன்பின் எழுத வாய்ப்பே வரவில்லை. இவருக்கு அந்த வாய்ப்பைப் பேத்தி கொடுத்திருக்கிறாள்.

வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் போட்டால் ஒரு நொடியில் போய்விடுமே, இதெல்லாம் எதற்கு என்று என்னிடம் கேட்கிறார்கள். வாய்ஸ் அனுப்பட்டும், நல்லதுதான், சிங்கப்பூர் அப்பாவின் குரலைத் தினம் கேட்பது சிறிய விஷயமா? ஆனால் வாய்ஸில் பிள்ளை ‘அப்பா கேரம் போர்டு’ என்று கத்திவிட்டு ஓடிவிடும். எழுதும்போதுதான் உட்கார்ந்து, இந்நேரம் அப்பா என்ன செய்வார் என்று யோசிக்கிறது. டென்மார்க்கின் அஞ்சல் துறை நானூறு வருடத்துப் பழக்கத்தை நிறுத்தி 2025 முடிவோடு கடிதம் கொண்டுபோவதையே விட்டுவிட்டது. நம் ஊரில் இன்னும் தபால்காரர் வருகிறார். போஸ்ட் கார்டு 50 காசு, இன்லாண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய். இருக்கும்போது எழுதிக்கொள்வோம்.

அந்த சிங்கப்பூர் அப்பாவும் பதில் எழுதினார். ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். பொங்கலுக்கு வர முடியாது, மார்ச்சில் வருவேன், கேரம் போர்டு கீழ ராஜ வீதியிலேயே நல்லதாகக் கிடைக்கும், நான் வந்ததும் இருவரும் போய் வாங்குவோம், நேற்று வைத்தது கருவாட்டுக் குழம்பு, உப்புக் கூடிவிட்டது என்று எழுதியிருந்தார். என்ன குழம்பு என்று அவள் கேட்டதை அவர் மறக்கவில்லை.

இந்த லீவில் உங்கள் வீட்டிலும் எழுதவைக்க நினைத்தால் இரண்டு விஷயம். இன்லாண்ட் லெட்டர் இந்தியாவுக்குள் மட்டும்தான் போகும். வெளிநாட்டுக்கு உறையில் போட்டு, தபால் நிலையக் கவுன்ட்டரில் எடை பார்த்து ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். பிள்ளையைக் கூடவே அழைத்துப் போங்கள், ஸ்டாம்பை அதுவே ஒட்டட்டும். பின்கோடு ஆறு எண்ணையும் பிள்ளையே எழுதட்டும். எங்களுக்கு 622002. இன்னொன்று, கடிதம் கிளம்பிய அன்றே வாங்கப்போகிறவருக்குத் தனியாக ஒரு போன் போட்டு, பதில் கட்டாயம் எழுதணும் என்று சொல்லிவிடுங்கள். அந்த ஏழாம் வகுப்புப் பையனின் மாமாவுக்கு நான் போன் போட்டுவிட்டேன். எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.